துளை வெளிப்பக்கம் சாய வேண்டும்

ஆன்டெனா இன்னும் படகில்தான் கிடக்கிறது,
தார்ப்பாய்க்கு அடியில், உருளைக்கிழங்கு மூட்டைகளோடு.
கூரைக்கு அது நாளைக்குத்தான் ஏறும்.
இன்றைக்குச் சுவருக்கு உள்ளே இருக்கிற வேலை.

சிலோவே தீவுகளில் கடைசிக்கு முந்தையது இது.
இரண்டறை மருத்துவ நிலையம், ஒரு விறகடுப்பு.
மழை பெய்யாத நாட்களை
எர்மிந்தா நாவெல்கின் ஒரே கையில் எண்ணிவிடுவாள்.
நீருக்கு அப்பால், பதினொரு கிலோமீட்டரில்,
பெரிய ஆஸ்பத்திரியின் கோபுரம்
இந்தப் பக்கம் முகம் திருப்பிக் காத்திருக்கிறது.

முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கிறேன்,
நோயாளியின் முதுகை அவள் தட்டுவதுபோல.
சைப்ரஸ் பலகை. இங்கே வெற்றிடம், இங்கே வெற்றிடம்,
இங்கே கட்டை.
பென்சிலால் நான்கு புள்ளி வைக்கிறேன்.
ரேக்கின் கதவு திறக்க ஒரு முழம் இடம்,
பின்னால் என் கை போய்வர ஒரு சாண்.

"இது சத்தம் போடுமா?"
போடும், என்றேன். உள்ளே சின்ன விசிறி.
கெட்டில் கொதிக்கப் போகிற சத்தம், அவ்வளவுதான்.

அவள் பலகையில் உள்ளங்கையை வைத்தாள்.
"இதற்கு அந்தப் பக்கம் என் தலையணை.
ஒன்பது வருடமாக ரேடியோவைத் திறந்துவைத்துத்தான் தூங்குகிறேன்.
இரைச்சல் என்னை எழுப்பாது,
அதற்குள் யாராவது மூச்சு வாங்கினால் எழுந்துவிடுவேன்.
ஒரு இரைச்சல்மேல் இன்னொரு இரைச்சலைக் கொண்டுவந்து வைக்காதே."

புள்ளிகளை எச்சில் தொட்டு அழித்தேன்.

எதிர்ச் சுவர். அங்கே தடுப்பூசிக் குளிர்பெட்டி,
பிளக்கின்மேல் சிவப்பில்: தொட்டால் கை முறியும்.
அதைத் தொடாமல் புது லைன் இழுத்தோம்.
பதினெட்டு மீட்டருக்கு நறுக்கிய கேபிள்
இப்போது மூன்று மீட்டர் போதவில்லை.
ஒட்டுப் போடலாம்.
போட்ட ஒட்டெல்லாம் ஒருநாள்
நடுராத்திரியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறது.
உருளையிலிருந்து புதிதாகவே வெட்டினேன்.
இரண்டு முனையிலும் ஒரே பெயர் ஒட்டினேன்: கூரை. கூரை.

எர்த் கம்பிக்கு விறகுக்குவியல் ஓரம் செம்புத்தடி.
ரெமிஹியோ சுத்தியலை ஓங்கினான்,
மண் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
இந்த ஈரம் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம்.

பிறகு டிரில்.

இதை எர்மிந்தாவிடம் சொல்லவில்லை:
போன குளிர்காலத்தில், வேறொரு தீவின் பள்ளிக்கூடத்தில்,
நான் துளையை மட்டமாகப் போட்டேன்.
உள்ளே சாய்த்துக்கூட அல்ல. மட்டமாக.
காற்றோடு வந்த மழை கேபிளைப் பிடித்துக்கொண்டு
விரல்வைத்து எழுத்துக்கூட்டுவதுபோல உள்ளே வந்தது.
காலையில் கருவிக்குள் ஒரு கரண்டித் தண்ணீர்.
நாற்பது நாள் பள்ளிக்கு இணைப்பில்லை.
ஒருவரும் திட்டவில்லை.
மாத்தே ஊற்றிக் கொடுத்தார்கள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதனால் இன்று ரசமட்டத்தை டிரில் முதுகில் கட்டி,
குமிழி என் பக்கம் ஒதுங்கும்வரை
முனையைத் தாழ்த்தினேன்.
வெளியே போகிறவன் தலைகுனிந்து போகட்டும்.
வெளியே கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டுத்தான்
மேலே ஏற வேண்டும்;
தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போகட்டும்.

மரத்தூள். சூடான மரவாசனை. பிறகு சட்டென்று
ஒரு காசளவு வெளிச்சம்,
அதன் வழியே வற்றிய கடலின் பாசி நாற்றம்.
எர்மிந்தா குனிந்து கண்ணை வைத்தாள்.
"ஆஸ்பத்திரி தெரியவில்லையே.
ரெமிஹியோவின் கால்சட்டைதான் தெரிகிறது."

பொழுது இறங்கியது. ரேக் காலியாக நிற்கிறது.
ஆறு திருகாணி மாத்திரைக் கிண்ணத்தில்.
துளைக்கு அவள் ஒற்றைக் கம்பளிக் காலுறை கொடுத்தாள்,
ஜோடி எப்போதோ தொலைந்ததாம்.

பெஞ்சில் படுத்திருக்கிறேன்.
பலகைக்கு அப்பால் ரேடியோ இரைந்துகொண்டேயிருக்கிறது.
எத்தனை மணியோ, இரைச்சல் கிழிந்து
ஒரு ஆண்குரல் ஏதோ கேட்கிறது.
அது முடியும் முன்பே கட்டில் கிரீச்சிடுகிறது,
அவள் பாதங்கள் தரையில்.

காற்று திரும்புகிறது போல.
சுவரில் காலுறை
கொஞ்சம் உள்ளே வந்து, மறுபடி போகிறது.